பொருளும் பொழுதும்: ‘ழான் டீல்மான்’ திரைப்படத்தில் அன்றாடப் பொருள்களின் குறியீட்டுநிலை பற்றிய ஒரு நோக்கு

1. தோற்றுவாய்

பெல்ஜிய நாட்டு நெறியாளர் சந்தால் அக்கர்மன் (1950 – 2015) தமது இருபத்தைந்தாவது வயதை எட்டுமுன்னரே படமாக்கி முடித்த ‘ழான் டீல்மான், 23 கே து கொமேர்ஸ், 1080 புரூசெல்ஸ்’ என்னும் திரைப்படம், 1975ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் நெறியாளர் இருவாரப் பிரிவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. 3 மணித்தியாலமும் 21 நிமிடமும் ஓடும் இப்படத்தின் தலைப்பு ஒரு பெண்ணின் பெயரும் அவள் குடியிருக்கும் முகவரியுமேயன்றி வேறன்று. கடித உறையின்மேல் எழுதப்படுவது போன்ற அத்தலைப்பே, படத்தின் நோக்கு எவ்விடத்திற் பதிந்துள்ளது என்பதை முன்கூட்டியே உணர்த்திவிடுகின்றது எனலாம்.

பிரித்தானியத் திரைப்படச் சஞ்சிகையான ‘சைட் அண்ட் சவுண்ட்’ 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமரிசகரிடையே நடத்திவரும் வாக்கெடுப்பில், 2022ஆம் ஆண்டு இப்படம் முதலிடம் பெற்றது. பெண் நெறியாளர் ஒருவரின் படைப்பு அவ்விடத்தைப் பெற்றமை அதுவே முதற்றடவை. அதன் பின்னர் இப்படத்தைப் பார்க்க முனைந்தோர் தொகை பெருகிற்று. பார்த்தவருட் பலர், ‘உருளைக்கிழங்கு உரிப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் இத்துணை நேரம் பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது?’ என்று வினவினர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. அதற்கு விடைகூற முற்பட்டோர், ‘அவை யாவும் குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஆழ்ந்த பொருளுண்டு’ என்று எளிதாகக் கூறிவிடுவதும் வழக்கமாயிற்று.

அவ்விடை போதாதது என்பதே நமது கருத்து. இப்படத்திலுள்ள பொருள்கள் குறியீட்டுத்தன்மை வாய்ந்தவை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், அவை எவ்வாறு குறியீடாகின்றன என்ற வினாவைத் தவிர்த்துவிட்டு, இது இதனைக் குறிக்கும் என்று பட்டியலிடுதல், படம் நமக்குக் காட்ட விழைவதையே மறைத்துவிடும். அது ஏன் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கதையும் கட்டமைப்பும்

ழான் டீல்மான் நடுத்தர வயதுக் கைம்பெண். கணவன் இறந்து ஆறாண்டுகள் கழிந்துவிட்டன. பாடசாலை செல்லும் மகன் சில்வேன் ஒருவனே துணை. சமையலறை, உணவு மேசையோடு கூடிய வரவேற்பறை, படுக்கையறை, குளியலறை, இவற்றை இணைக்கும் ஒடுங்கிய நடை என்பவையே அவளது உலகம். வரவேற்பறையிலுள்ள சாய்மனை இரவில் விரிக்கப்பட்டு மகனின் கட்டிலாகும். காலையில் மீண்டும் மடிக்கப்படும். ஒவ்வொரு பிற்பகலும் ஓர் ஆடவன் வருவான். படுக்கையறைக் கதவு சாத்தப்படும். சிறிது பொழுதின்பின் அவன் பணங்கொடுத்துச் செல்வான். அவ்வருவாயே குடும்பத்தின் சீவனோபாயம்.

படம் மூன்று நாட்களைக் காட்டுகின்றது. முதல்நாட் பிற்பகலில் தொடங்கி, இரண்டாம் நாளை முழுமையாகக் காட்டி, மூன்றாம் நாள் மாலையில் முடிவுறுகின்றது. முதல்நாளில் ஒழுங்கு குலையாதிருக்கின்றது. இரண்டாம் நாட் பிற்பகலில் அதில் ஒரு கீறல் விழுகின்றது. மூன்றாம் நாளில் அக்கீறல் விரிந்து, இறுதியில் ழான் அன்று வந்த ஆடவனைக் கத்தரிக்கோலாற் குத்திக் கொல்கின்றாள். கதை இவ்வளவே.

இக்கதை சொல்லப்படும் முறையே நமது ஆய்வுக்கு முக்கியமானது. ஒளிப்பதிவாளர் பாபெற் மங்கோல்ற்றின் கமரா அசைவதில்லை. அது பெரும்பாலும் நேர்முகமாகவும் வழக்கத்திலும் சற்றுத் தாழ்ந்த மட்டத்திலும் நிறுத்தப்பட்டுள்ளது. அண்மைக்காட்சிகள் இல்லை. உணர்ச்சியை முன்னறிவிக்கும் பின்னணி இசை இல்லை; வானொலி ஒலித்தாற்றான் இசை கேட்கும். ஒரு பணி தொடங்கினால் அது முடியும்வரை கமரா காத்திருக்கின்றது. 1970களின் தொடக்கத்தில் அக்கர்மன் நியூயோர்க்கில் வாழ்ந்தபோது, மைக்கேல் ஸ்னோ முதலியோரின் பரிசோதனைப் படங்களைப் பார்த்து, காலம் என்பதே திரைப்படத்தின் மூலப்பொருளாகலாம் என்பதைக் கண்டுகொண்டார். அப்பாடத்தை அவர் ஒரு வீட்டுப் பெண்ணின் சமையலறைக்குக் கொண்டுவந்தமையே அவரது தனித்துவம்.

ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. பொருளொன்றைக் குறியீடாக்க விழையும் நெறியாளர் பொதுவாகச் செய்வது யாது? கமராவை அதன் அருகே கொண்டுசென்று, திரையை நிறைத்துக் காட்டி, இசையை எழுப்பி, ‘இதனைக் கவனியுங்கள்’ என்று சொல்வதே. அக்கர்மன் அவ்வாறு செய்வதில்லை. கத்தரிக்கோலும் கரண்டியும் ஒரே தூரத்தில், ஒரே ஒளியில், ஒரே மதிப்போடு காட்டப்படுகின்றன. திரைப்பட மரபில் முத்தமும் வாகன விபத்தும் உயர்ந்த காட்சிகளாகவும் பாத்திரம் கழுவுதல் கடைநிலைக் காட்சியாகவும் மதிக்கப்படுவதை அவர் சுட்டிக்காட்டியுள்ளார். அப்படிநிலையைக் குலைப்பதே அவர் எண்ணம். எனவே, எப்பொருளும் பிறபொருளினும் உயர்த்தப்படாத ஓர் உலகில் குறியீடு எவ்வாறு தோன்றுகின்றது என்பது வினாவாகின்றது.

3. குறியீடும் உள்ளுறையும்

குறியீடு என்னும் சொல்லை நாம் இருவகையில் ஆளுகின்றோம். புறா சமாதானத்தைக் குறிக்கும், தராசு நீதியைக் குறிக்கும் என்பது ஒருவகை. அங்கே பொருளுக்கும் கருத்துக்குமுள்ள தொடர்பு முன்னரே நிலைபெற்றுவிட்டது. கருத்து விளங்கியதும் பொருள் தேவையற்றதாகிவிடும். மற்றொருவகையில், பொருளொன்று தான் வாழும் சூழலில் தன் இயல்பான தொழிலைச் செய்துகொண்டே, அச்சூழலின் மாந்தரது நிலையையும் புலப்படுத்தும். அங்கே கருத்து விளங்கிய பின்னரும் பொருள் மறைவதில்லை.

தமிழ் மாணவர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. தொல்காப்பியர் கூறும் உள்ளுறை உவமம், தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை இடமாகக் கொண்டு பிறப்பது. நிலத்துக்குரிய விலங்கும் மரமும் புள்ளும் தத்தம் இயல்பில் இயங்க, அவ்வியக்கத்தினூடே மாந்தர் செய்தி குறிப்பாற் பெறப்படும். உவம உருபு இராது. ஒப்புமையைக் கேட்போரே கண்டுகொள்ளல் வேண்டும். அக்கர்மன் இம்மரபை அறிந்து படமெடுத்தார் என்பது நமது கூற்றன்று. இரண்டாம் வகைக் குறியீட்டை விளங்கிக்கொள்ள நம்மிடமுள்ள கருவிகளுள் இது தகுதியானது என்பதே நாம் கூறுவது. அடுப்பும் ஆளியும் துவாயும் ழானின் நிலத்துக் கருப்பொருள்கள். அவை தம் தொழிலைச் செய்கின்றன. நாம் அவளைப் பற்றி அறிகின்றோம்.

ஆயினும் முக்கியமான ஒரு வேறுபாடும் உண்டு. உள்ளுறை ஒரு செய்யுளின் சில அடிகளுள் நிகழ்ந்துவிடும். இப்படத்திலோ பொருளின் குறிப்பு மீள மீள வருதலாலும், பின்னர் அம்மீள்வரவு பிழைத்தலாலும் உண்டாகின்றது. முதல்நாளில் நாம் ஒவ்வொரு பொருளின் இடத்தையும் வேளையையும் கற்றுக்கொள்கின்றோம். அக்கல்வி இன்றேல் இரண்டாம் நாளின் பிழை நம் கண்ணிற் படாது. படத்தின் நீளம் இதனால் இன்றியமையாததாகின்றது. சில எடுத்துக்காட்டுகளை இனி நோக்குவோம்.

4. பொருள்கள்

(அ) உருளைக்கிழங்கு

படத்தின் தொடக்கத்தில் ழான் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுகின்றாள். அழைப்புமணி ஒலிக்கின்றது. அவள் சென்று கதவைத் திறந்து, வந்தவனின் தொப்பியையும் மேலங்கியையும் வாங்கி வைத்து, அவனோடு படுக்கையறைக்குட் செல்கின்றாள். கதவு மூடப்படுகின்றது. நடையில் ஒளி மங்கியிருப்பதைக் கொண்டு பொழுது கழிந்ததை அறிகின்றோம். அவன் சென்றபின் அவள் சமையலறைக்கு மீள, கிழங்கு பதமாக வெந்திருக்கின்றது. அதாவது, கிழங்கு வேகும் நேரமும் அவ்வாடவனுக்குரிய நேரமும் ஒன்றே. அடுப்பிலுள்ள பாத்திரமே அவளது கடிகாரம். வீட்டுவேலையும் உடலை விற்றலும் ஒரே கால அளவினால் அளக்கப்படுகின்றன என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பாத்திரம் சொல்கின்றது.

இரண்டாம் நாளில் இக்கடிகாரம் பிழைக்கின்றது. ஆடவன் சென்றபின் கலைந்த தலைமயிரோடு அவள் சமையலறைக்கு வரும்போது கிழங்கு மிகையாக வெந்து கெட்டுவிட்டது. அவள் அப்பாத்திரத்தைக் கையிலேந்தி எங்கு வைப்பதென்று அறியாது அறைக்கு அறை செல்கின்றாள். இறுதியில் கிழங்கைக் குப்பையிற் கொட்டிவிட்டு, கடைக்குச் சென்று வேறு கிழங்கு வாங்கிவந்து, மேசையில் அமர்ந்து புதிதாக உரிக்கத் தொடங்குகின்றாள். அவள் கத்தி கிழங்கின்மேல் வேகமாகவும் பின் தயங்கியும் ஓடுவதைக் கமரா நெடுநேரம் காண்கின்றது. படுக்கையறையுள் நிகழ்ந்தது யாதென அப்போது நமக்குக் காட்டப்படவில்லை. காட்டப்படுவது கெட்டுப்போன கிழங்கே. அன்று அவளது உடலும் மனமும் அவளது கட்டுப்பாட்டை மீறின என்பதற்கு அதுவே சான்று.

உருளைக்கிழங்கு வறுமையைக் குறிக்கும், மண்ணைக் குறிக்கும் என்றெல்லாம் கூறல் இயலும். ஆயின் இங்கு அது அவற்றைக் குறித்து நிற்கவில்லை. அது வேகின்றது, வேகும் நேரம் அவளுடையதாக இல்லை, குறியீடு அந்நேரத்திலேயே உறைகின்றது.

(ஆ) சூப்புப் பாத்திரம்

உணவு மேசையின் நடுவே மூடியுடன்கூடிய பீங்கான் சூப்புப் பாத்திரமொன்று இருக்கின்றது. குடும்பத்தார் கூடியுண்ணும் விருந்தை நினைவூட்டும் கலம் அது. ழான் அதில் உணவு பரிமாறுவதில்லை. ஆடவர் தரும் பணத்தை அதனுள் இட்டு மூடுகின்றாள். மகனின் கைச்செலவுக்கும் அதிலிருந்தே எடுத்துக்கொடுக்கின்றாள். அம்மேசையில் தாயும் மகனும் அருந்தும் சூப்பு வேறு கலத்திலிருந்து வரினும், அச்சூப்பு எவ்வாறு கிடைத்தது என்பதற்கான விடை அவர்கள் கண்முன்னேயே மூடியிடப்பட்டிருக்கின்றது.

இல்லறத்தின் மதிப்பு, அதனைத் தாங்கிநிற்கும் பொருளாதாரத்தை மறைத்தலிலேயே தங்கியுள்ளது என்பதை இதனினும் செறிவாகக் காட்டல் அரிது. மூடி அங்கே வெறும் மூடியன்று. இரண்டு உலகங்களுக்கிடையே உள்ள எல்லை. இரண்டாம் நாள், பணத்தை இட்டபின் அவள் மூடியை இட மறக்கின்றாள். முதல்நாளை ஊன்றிப் பார்த்தவர்க்கு அத்திறந்த பாத்திரம் ஒரு கூக்குரலுக்கு ஒப்பானது. ஊன்றிப் பாராதவர்க்கு அது மேசைமேலுள்ள ஒரு பாத்திரமே.

(இ) ஆளியும் வெளியொளியும்

ழான் ஓர் அறையினுள் நுழையும்போது மின்குமிழை ஏற்றுவாள், வெளியேறும்போது அணைப்பாள். ஆளியின் ஒலி படம் முழுவதும் ஒரு தாளம்போல் கேட்கின்றது. இது சிக்கனத்தின் விளைவு என்பது தெளிவு. அதனோடு, ஓர் அறையில் நிகழ்ந்தது மற்றோர் அறைக்குப் பரவாவண்ணம் தடுக்கும் செயலாகவும் அது அமைகின்றது. படுக்கையறையில் விளக்கணைந்தால் அங்கு நிகழ்ந்ததும் அணைந்துவிடும். கட்டில் விரிப்பின்மேல் இடப்பட்ட துவாய் அகற்றப்படும், சாளரம் திறக்கப்படும், அவள் குளித்து, தான் குளித்த தொட்டியையும் தேய்த்துக் கழுவுவாள். பின்னர் மேசைவிரிப்பு விரிக்கப்படும். மகன் வரும்போது வீடு வீடாகிவிடும்.

ஆனால் ஓர் ஒளியை மட்டும் அவளால் அணைக்க இயலாது. தெருவிலுள்ள விளம்பர விளக்கொன்றின் நீலநிற ஒளி இரவு முழுவதும் வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் விட்டுவிட்டு மின்னுகின்றது. அதனைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆளி அவள் கையிலிருக்கும் வீட்டினுள், ஆளியற்ற ஓரொளி புகுந்துவிட்டது. சந்தைக்கு உரியதும் தெருவுக்கு உரியதுமான அவ்வொளி, வீட்டின் சுவர்கள் எவ்வளவு மெல்லியவை என்பதை ஒவ்வோர் இரவும் உணர்த்துகின்றது.

(ஈ) தெறி, தூரிகை, கோப்பி

மூன்றாம் நாளில் பிழைகள் பெருகுகின்றன. நாள்தோறும் காலையில் மகனின் சப்பாத்தைத் துலக்கும் தூரிகை கைநழுவுகின்றது. கழுவிய கரண்டி தரையில் விழுகின்றது. வேளைக்கு முந்திச் சென்றமையால் அஞ்சலகம் திறக்கப்படவில்லை. வழக்கமாக அமரும் தேநீர்ச்சாலை இருக்கையில் வேறொருத்தி அமர்ந்திருக்கின்றாள். மகனின் மேலங்கியிற் கழன்றுபோன தெறிக்கு இணையான ஒன்றைத் தேடிக் கடைகடையாக அலைந்தும் கிடைக்கவில்லை. அயல்வீட்டாள் சிறிது நேரம் ஒப்படைத்துச் செல்லும் குழந்தை, அவள் தூக்கியதும் வீறிட்டழுகின்றது.

இவற்றுட் கோப்பிக் காட்சி தனித்து நோக்கத்தக்கது. காலையில் வடித்துச் சுடுநீர்ப் போத்தலில் ஊற்றிவைத்த கோப்பியின் சுவை அவளுக்குப் பிடிக்கவில்லை. பாலைச் சோதிக்கின்றாள், குற்றம் பாலிலா கோப்பியிலா என்று ஆராய்கின்றாள், இறுதியில் யாவற்றையும் கொட்டிப் புதிதாக வடிக்கின்றாள். குற்றம் பாலிலுமன்று, கோப்பியிலுமன்று என்பதை நாம் அறிவோம். அவளுக்கோ, குற்றம் யாதாயினும் அது பொருள்களிலேயே இருத்தல் வேண்டும். பொருளைத் திருத்தினால் நாள் திருந்தும். தன் நிலையைச் சிந்திப்பதற்குச் சொற்கள் வழங்கப்படாத ஒருத்தி, பொருள்களைக் கொண்டே சிந்திக்கின்றாள். கனடாவிலிருக்கும் சகோதரி பெர்னாண்டுக்கு மறுமொழி எழுத அமர்ந்து ஒன்றும் எழுத இயலாதவளாய் எழுந்துவிடுபவள் அவளே என்பதை இதனோடு சேர்த்து எண்ணல் வேண்டும்.

அதன்பின் அவள் கதிரையில் அமர்ந்து யாதும் செய்யாது இருக்கின்றாள். முன்னைய நாட்களில் காணாத காட்சி இது. பணியற்ற ஒரு வேளை வாய்த்தமை அவளுக்கு ஓய்வாக அமையவில்லை, அச்சமாக அமைகின்றது. ஒழுங்கு எதனைத் தடுத்துநிறுத்தியது என்பது அக்கதிரையில் அவள் அமர்ந்திருக்கும்போதே வெளிப்படுகின்றது.

(உ) கத்தரிக்கோல்

பெர்னாண்டிடமிருந்து பொதியொன்று வருகின்றது. அதன் கட்டை அவிழ்ப்பதற்காக ழான் கத்தரிக்கோலைப் படுக்கையறைக்கு எடுத்துச் செல்கின்றாள். பொதியினுள் ஓர் இராவுடை இருக்கின்றது. அழைப்புமணி ஒலிக்கின்றது. கத்தரிக்கோல் அதற்குரிய இடத்துக்கு மீளவில்லை. கண்ணாடி மேசையின்மேல் தங்கிவிடுகின்றது. இம்முறை கமரா படுக்கையறைக்குள்ளே நிற்கின்றது. அதன்பின் ழான் ஆடையை அணிந்துகொள்வதும், கத்தரிக்கோலை எடுப்பதும், கட்டிலிற் கிடப்பவனைக் குத்துவதும் அக்கண்ணாடியினூடே காட்டப்படுகின்றன.

கத்தரிக்கோலைப் பழிவாங்கலின் சின்னமாகவோ, ஆணாதிக்கத்தை வெட்டும் கருவியாகவோ விளக்குவோர் உளர். அவ்விளக்கத்தில் உண்மை அறவே இல்லை என்று கூறோம். எனினும் அதனினும் எளிய ஓர் உண்மை நம்முன் உள்ளது. ஒழுங்கு குலையாத நாளாயின் அக்கத்தரிக்கோல் அவ்விடத்தில் இருந்திராது. முதல்நாளின் ழான் பொருளொன்றை எடுத்தால் அதனை வைத்துவிட்டே கதவைத் திறப்பாள். கொலைக்கருவி வெளியிலிருந்து வரவில்லை. இடம்பெயர்ந்த வீட்டுப்பொருளே கொலைக்கருவியாயிற்று. பாத்திரத்தின் மூடி, தூரிகை, கரண்டி என்னும் வரிசையில் இறுதியாக நிற்பது அது. எனவே கொலையைத் திடீர் நிகழ்ச்சியாகக் கொள்வது படத்தைப் பாராமையின் விளைவேயாகும்.

5. வீட்டுழைப்பும் அதன் காணாமையும்

இப்படம் வெளிவந்த 1975ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையால் சர்வதேச மகளிர் ஆண்டாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. அதற்குச் சற்று முன்னர், 1972இல், மரியரோசா டல்லா கோஸ்ராவும் செல்மா ஜேம்சும் வீட்டுவேலைக்குக் கூலி என்னும் கோரிக்கைக்கு அடிப்படையான கருத்துகளை வெளியிட்டிருந்தனர். தொழிலாளி நாள்தோறும் தொழிற்சாலைக்கு மீண்டு செல்வதற்குரிய வலுவைச் சமைத்தும் துவைத்தும் உண்டாக்கித் தருபவள் பெண். அவ்வுழைப்பு அன்பின் வெளிப்பாடு என்று பெயரிடப்படுவதால் உழைப்பாகக் கணிக்கப்படுவதில்லை என்பதே அவ்வாதத்தின் சாரம். அக்கர்மனின் படம் அக்கருத்துக்கு எழுதப்பட்ட உரையன்று. ஆயினும், கணக்கில் வாராத உழைப்பைக் கண்முன் நிறுத்துவதில் அது அவ்வாதத்தோடு ஒரே காலத்துக்குரியது.

இங்கேதான் நாம் முன்னர் எழுப்பிய வினா கூர்மை பெறுகின்றது. வீட்டுழைப்பின் இயல்பு யாது? அது நன்கு செய்யப்படின் கண்ணுக்குத் தெரியாது. கழுவிய தட்டு, மடித்த விரிப்பு, துலங்கும் சப்பாத்து என்பன தம்மை ஆக்கிய உழைப்பை மறைத்து நிற்பன. மகன் சில்வேன் உண்கின்றான், படிக்கின்றான், உறங்குகின்றான். அவன் உண்ட தட்டு எவ்வாறு தூய்மையாயிற்று என்று எண்ணுவதில்லை. அவன் கொடியவனல்லன், பாராதவன். அக்கர்மன் நம்மைப் பார்க்கச் செய்கின்றார். ஆனால் நாமோ தட்டைப் பார்த்தவுடன், ‘இது எதன் குறியீடு?’ என்று வினவி, தட்டைக் கடந்து கருத்துக்கு விரைந்தோமாயின், சில்வேன் செய்வதையே நாமும் செய்தவராவோம். உழைப்பை மீண்டும் ஒருமுறை காணாமற் போக்கிவிடுவோம். குறியீட்டுப் பட்டியலை நாம் ஏற்க மறுப்பதற்கு இதுவே காரணம். அது சுவையின்பாற்பட்ட மறுப்பன்று, நியாயத்தின்பாற்பட்டது.

நடிகை டெல்பின் செய்ரிக்கை இப்பாத்திரத்துக்குத் தெரிந்தமையும் இந்நோக்கில் விளக்கம் பெறும். 1961இல் வெளிவந்த அலன் ரெனேயின் ‘கடந்த ஆண்டு மரியன்பாத்தில்’ என்னும் படத்தினாற் புகழ்பெற்ற அவர், எழிலுக்கும் நாகரிகத்துக்கும் எடுத்துக்காட்டாகக் கருதப்பட்டவர். வேலைக்காரியாக நாம் எண்ணிப் பழகிய ஒருத்தி பாத்திரம் கழுவின் அது நம் கண்ணிற் படாது; செய்ரிக் கழுவும்போது படுகின்றது. படப்பிடிப்பு வேளையில் சாமி பிரே பதிவுசெய்த ஆவணப்படத்தில், செய்ரிக் தம் அசைவுகளுக்குக் காரணம் கேட்பதையும், அக்கர்மன் அசைவுகளின் ஒழுங்கையும் நேரத்தையும் வலியுறுத்துவதையும் காணலாம். உளநிலை அசைவை விளக்குவதன்று. அசைவே உளநிலையை விளக்குவது என்பது அவரது நிலைப்பாடு.

6. ஒழுங்கு நோயா?

ழானின் வழமையை ஒருவகை மனநோயாகக் கொள்வோரும் உளர். இக்கருத்தை ஏற்பதற்குமுன் ஒன்றைக் கருதுதல் தகும். அக்கர்மனின் பெற்றோர் போலந்திலிருந்து வந்த யூதர். தாயார் நத்தாலியா அவுஷ்விற்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர்தப்பியவர். தம் தாயையும் சிற்றன்னையரையும் போன்ற பெண்டிர் சமையலறையில் ஆற்றிய பணிகளைச் சிறுவயதிலிருந்து கண்டவர் அக்கர்மன். இப்படத்தைத் தம் தாயின்மீது கொண்ட அன்பின் படமாகவும், அத்தகைய பெண்டிர்க்கு அளிக்கப்பட்ட மதிப்பாகவும் அவர் விளக்கியுள்ளார். எனவே ழானின் ஒழுங்கில் அவர் இகழ்ச்சியைக் காணவில்லை. அச்சத்துக்கு இடங்கொடாது பொழுதை நிரப்பும் ஆற்றலையும், அதற்கு அவள் கொடுக்கும் விலையையும் ஒருங்கே காண்கின்றார்.

1968இல், தமது பதினெட்டாவது வயதில், அவர் ஆக்கிய முதற் குறும்படமான ‘என் நகரைத் தகர்’ என்பதிலும் சமையலறையும் சப்பாத்து மையும் எரிவாயு அடுப்பும் வருகின்றன. அங்கே அவரே நடித்த இளம்பெண் எல்லாப் பொருள்களையும் குழப்பி எறிந்து, இறுதியில் எரிவாயுவைத் திறந்து தன்னையும் அழித்துக்கொள்கின்றாள். அது மகளின் சீற்றம். ழான் டீல்மானின் கதையோ தாயின் பொறுமை முறியும் வேளை. அதே பொருள்களை ஏழாண்டுகளின்பின் அவர் மீண்டும் எடுத்து, அவற்றைக் குழப்புவதற்குப் பதிலாக ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்துக் காட்டினார். முன்னையது பதின்மூன்று நிமிடத்தில் வெடித்து முடிந்தது; பின்னையது மூன்று மணித்தியாலத்துக்கு மேலாக அவ்வெடிப்பைத் தாங்கிநிற்கின்றது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றாற் பின்வருவன பெறப்படும். இப்படத்தின் பொருள்கள் தனித்தனிக் கருத்துகளுக்குப் பதிலாக நிற்பன அல்ல. அவை ஒரு பெண்ணின் பொழுதை அளக்கும் கருவிகள். அவளது உலகங்களைப் பிரிக்கும் எல்லைகள். அவளுக்கு மறுக்கப்பட்ட சொற்களின் இடத்தை நிரப்புவன. அவற்றின் குறிப்பு மீள்வரவினாலும் பிழையினாலும் தோன்றுகின்றது. ஆதலின் அதனை உணர்வதற்குப் பார்ப்போரும் அவளோடு அப்பொழுதைச் செலவிடல் வேண்டும். சுருக்கிச் சொல்லப்படும்போது இப்படம் ஒரு கொலைக்கதையாகிவிடும். முழுமையாகப் பார்க்கப்படும்போதே அது ஒரு வாழ்க்கையாகும்.

இறுதிக் காட்சியில் ழான் விளக்கேற்றாது உணவு மேசையில் அமர்ந்திருக்கின்றாள். கையிலும் மேற்சட்டையிலும் குருதி. பல நிமிடங்கள் கமரா அசையாது நிற்கின்றது. அவள் முகத்தில் துயரமா ஆறுதலா என்று துணிதல் இயலாது. தெருவின் நீலவொளி வழமைபோல் அலுமாரிக் கண்ணாடியில் மின்னிக்கொண்டிருக்கின்றது. மகன் வரும் நேரம் நெருங்குகின்றது. அவன் வந்ததும் ஆளியைத் தட்டுவான்; மேசை இன்னும் இடப்படாதிருக்கும். அதுவரை தாம் பாராதிருந்தவற்றையெல்லாம் அவனைப் போன்றோர் அன்றுதான் முதன்முறையாகப் பார்ப்பர். படத்தை முழுமையாகப் பார்த்து எழுந்து தத்தம் வீடு செல்லும் நாமும், நம் வீட்டு மேசைமேல் எவராலோ கழுவித் துடைத்து வைக்கப்பட்டிருக்கும் தட்டை அதே கண்கொண்டு பார்ப்போமாயின், அக்கர்மனின் நோக்கம் ஓரளவு நிறைவேறியது என்று கொள்ளலாம்.